சுழலிகளில் கசிவடைப்பும் இடைவெளிக் கட்டுப்பாடும்

சுழலிகளில் கசிவடைப்பு என்பது, சுழலும் பாகங்களுக்கும் நிலையான பாகங்களுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளி வழியாக நீராவி, எரிவளி, காற்று, எண்ணெய் போன்ற பாய்மங்கள் வீணே வெளியேறுவதைக் குறைக்கும் ஏற்பாடு ஆகும். அந்த இடைவெளியை, இயந்திரம் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் உரசல் நேராதவாறும் கசிவு மிகாதவாறும் வைத்திருப்பது இடைவெளிக் கட்டுப்பாடு எனப்படும். டர்பைன் எனப் பொதுவாக அறியப்படும் சுழலி எவ்வகையினதாயினும், நீராவியால் இயங்குவதாயினும் எரிவாயுவால் இயங்குவதாயினும் ஏவூர்தியின் எக்கியை இயக்குவதாயினும், இவ்விரண்டும் அதன் திறனையும் ஆயுளையும் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டில் இதனை விளங்கிக்கொள்ள ஏற்ற இடங்களுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள வழுதூர் எரிவாயுச் சுழலி மின் நிலையம் ஆகும். எரிவாயுச் சுழலி, நீராவிச் சுழலி ஆகிய இரண்டும் அங்கு ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

இடைவெளியின் தேவை

சுழலும் இதழ்களின் (பிளேடுகளின்) நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையே இடைவெளியே இல்லாவிட்டால் சுழற்சி இயலாது. இடைவெளி இருந்தாலோ, இதழ்களைத் தள்ளி வேலை செய்ய வேண்டிய வளியின் ஒரு பகுதி நுனிக்கு மேலாக நழுவிச் சென்றுவிடும். இதழின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி இடைவெளி கூடினால், அந்தக் கட்டத்தின் பயனுறுதிறன் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவான கணக்கு.

சிறிய இடைவெளி ஏன் பெரிய இழப்பாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். இதழ் நுனிகள் 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுழல்வதாகவும், இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். அந்த இடைவெளி வட்டம் முழுவதும் சூழ்ந்திருப்பதால் அதன் மொத்தப் பரப்பு சுமார் 56 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. இது உறையில் எட்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்றைப் போட்டு வைப்பதற்கு ஒப்பானது. இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினால் அத்துளை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும்.

இடைவெளியை வேண்டிய அளவு குறைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்குத் தடையாக நிற்பது வெப்பம். எஃகு ஒரு பாகை செல்சியசு சூடேறும்போது, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. 600 மில்லிமீட்டர் ஆரமுள்ள சுழலகம் 400 பாகை சூடேறினால் அதன் ஆரம் 2.9 மில்லிமீட்டர் அளவு கூடும். உறையும் அதே அளவு சூடேறினால் இடைவெளி மாறாது. ஆனால் உறை 300 பாகை மட்டுமே சூடேறியிருந்தால் அது 2.2 மில்லிமீட்டர் அளவே விரியும், இடைவெளியில் 0.7 மில்லிமீட்டர் காணாமற்போகும். இதனுடன், நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் ஒரு மீட்டர் ஆரத்தில் சுழலும் இதழ் நுனி, புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு முடுக்கத்துக்கு உள்ளாகிறது. அந்த இழுவையால் இதழும் வட்டும் சற்றே நீள்கின்றன. ஆகவே, பணிமனையில் குளிர்ந்த நிலையில் அளக்கப்படும் இடைவெளி, இயந்திரம் ஓடும்போதுள்ள இடைவெளி அன்று. ஓடும்போது அது எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துக் குளிர்ந்த நிலையின் அளவைத் தீர்மானிப்பதே வடிவமைப்பாளரின் முதன்மைப் பணியாகும்.

புதிர்வழி அடைப்பு

சுழல்தண்டு உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடங்களிலும், சுழலியின் கட்டங்களுக்கு இடையிலும் மிகுதியாகப் பயன்படுவது புதிர்வழி அடைப்பு ஆகும். தொழிலகங்களில் இது லாபிரிந்த் சீல் என்ற பெயராலேயே அறியப்படுகிறது. நீராவிச் சுழலியை 1884இல் உருவாக்கிய சார்லசு பார்சன்சு இம்முறையையும் கையாண்டார். நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் சுழன்ற அவரது முதற்பொறி போன்றவற்றில், தண்டைத் தொட்டுக்கொண்டு இறுக்கும் பழைய கயிற்றுத் திணிப்புகள் நிலைக்க வழியில்லை. எனவே தொடாமலேயே தடுக்கும் முறை தேவைப்பட்டது.

இதில் கூரிய விளிம்புடைய மெல்லிய வளையப் பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் நீராவி ஒரு குறுகிய வாயில் வழியே விரைந்து பாய்கிறது. அடுத்துள்ள அறையில் சுழித்துத் தன் வேகத்தை இழக்கிறது. மீண்டும் அடுத்த பல், மீண்டும் ஓர் அறை. இவ்வாறு அழுத்தம் படிப்படியாகக் குறைவதால் கசிவு குறைகிறது.

பற்களைப் பெருக்கிக்கொண்டே போவதால் பெரும் பயன் விளைவதில்லை என்பது பலரும் கவனிக்காத ஒன்று. கசிவின் அளவு, தோராயமாகப் பற்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. கசிவைப் பாதியாக்க வேண்டுமெனில் பற்களை நான்கு மடங்காக்க வேண்டும். தண்டின் நீளமும் அதற்கேற்பக் கூடும். இடைவெளியையோ பாதியாக்கினாலே போதும், கசிவும் பாதியாகிவிடும். ஆகையால் நல்ல அடைப்பு என்பது முதலில் சிறிய இடைவெளியே. பற்கள் அதற்கு அடுத்த நிலையில் உள்ளவை.

வழுதூர் மின் நிலையம்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதியில் வழுதூர் அமைந்துள்ளது. காவிரிப் படுகையின் தென்பகுதியான இராமநாதபுரம் துணைப்படுகையில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் (ஓஎன்சிசி) கண்டறிந்த எரிவாயுவைப் பயன்படுத்த, தமிழ்நாடு மின்சார வாரியம் இந்நிலையத்தை நிறுவியது. 95 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு 2002–2003 காலப்பகுதியில் இயங்கத் தொடங்கியது. இதில் எரிவாயுச் சுழலியின் பங்கு 60 மெகாவாட், நீராவிச் சுழலியின் பங்கு 35 மெகாவாட். 92.2 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் அலகு 2008–2009இல் சேர்க்கப்பட்டது. மின்சார வாரியம் 2010இல் மறுசீரமைக்கப்பட்ட பின் நிலையம் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. 2024இல் அக்கழகம் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து மின் உற்பத்திக்கெனத் தனிக் கழகம் ஏற்பட்டது.

இங்கு நடைபெறுவது கூட்டுச் சுழற்சி முறை. காற்றமுக்கியால் அழுத்தப்பட்ட காற்றில் எரிவாயு எரிக்கப்பட்டு, அவ்வெரிவளி சுழலியை இயக்குகிறது. வெளியேறும் சூடான வளி வெப்ப மீட்புக் கொதிகலனுக்குச் சென்று நீராவியை உண்டாக்குகிறது. அந்நீராவி இரண்டாவது சுழலியை இயக்குகிறது. முதல் அலகின் மொத்த மின்திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக நீராவிச் சுழலியே தருகிறது.

இவ்வமைப்பில் எல்லாக் கசிவுகளும் ஒரே விலை உடையவை அல்ல. எரிவாயுச் சுழலியின் இதழ் நுனியில் நழுவும் வளி வேலை செய்யாவிட்டாலும், அதன் வெப்பம் கொதிகலனைச் சென்றடைகிறது. ஆகவே இழப்பின் ஒரு பகுதி நீராவியாக மீட்கப்படுகிறது. காற்றமுக்கியின் நுனிகளில் ஏற்படும் கசிவு அவ்வாறன்று. அங்கு மீண்டும் மீண்டும் அழுத்தப்படும் காற்றுக்காகச் சுழலியின் ஆற்றலே செலவாகிறது. அமுக்கியின் நிலைப்பாடும் கெடுகிறது. நீராவிச் சுழலியின் கடைசிக் கட்டங்களில் நழுவுவதை மீட்கவோ வழியே இல்லை. அதற்கு அப்பால் ஒடுக்கி மட்டுமே உள்ளது.

60 மெகாவாட் சுழலியில் ஒரு விழுக்காடு என்பது 0.6 மெகாவாட். ஆண்டுக்கு 8000 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால் இது 48 இலட்சம் யூனிட் மின்சாரமாகும். அதே மின்சாரத்தைப் பெறக் கூடுதல் எரிவாயு எரிக்கப்பட வேண்டும். மாவட்டத்தின் மண்ணுக்கு அடியிலுள்ள எரிவாயு வற்றக்கூடிய வளம் என்பதால், இத்தகைய நிலையங்களில் இடைவெளிப் பராமரிப்பு வெறும் இயந்திரச் சிக்கல் மட்டுமன்று.

எரிவாயுச் சுழலியின் உள்ளே கசிவடைப்புக்கு மற்றொரு பணியும் உண்டு. இதழ்களைத் தாங்கும் வட்டுகள், எரிவளியின் வெப்பத்தைத் தாங்கக்கூடியவை அல்ல. ஆகையால் அமுக்கியிலிருந்து எடுக்கப்படும் காற்று, வட்டுகளின் பக்கவாட்டு அறைகளுக்குள் செலுத்தப்பட்டு, விளிம்பிலுள்ள அடைப்புகளின் வழியே வெளிநோக்கிப் பாய்கிறது. இங்கே சிறிது கசிவு வேண்டப்படுவது. அது நின்றுவிட்டால் எரிவளி உள்ளே புகும். குளிர்விக்கவும் அடைக்கவும் செலவாகும் இத்தகைய காற்று, அமுக்கப்பட்ட மொத்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகலாம். வட்டறைகளின் வெப்பநிலை எப்போதும் பதிவு செய்யப்படுவதற்கு இதுவே காரணம். அந்த வெப்பநிலை மெல்ல ஏறினால், உறையைத் திறக்காமலேயே அடைப்பு தேய்ந்துள்ளதா என ஐயுறலாம்.

நீராவிச் சுழலியின் முனை அடைப்புகள்

நீராவிச் சுழலியின் இரு முனைகளிலும் எதிரெதிரான சிக்கல்கள் எழுகின்றன. உயர் அழுத்த முனையில் நீராவி வெளியே வர முயல்கிறது. ஒடுக்கியை ஒட்டிய முனையிலோ வெற்றிடம் நிலவுவதால் வெளிக்காற்று உள்ளே புக முயல்கிறது. புகுந்த காற்று ஒடுக்கியின் வெற்றிடத்தைக் குலைத்து மின்திறனைக் குறைத்துவிடும்.

இதற்கான தீர்வு எளிமையானதும் அழகானதும் ஆகும். இரு முனைகளிலும் உள்ள புதிர்வழி அடைப்பின் நடு அறைக்கு, வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் நீராவி கொடுக்கப்படுகிறது. வெற்றிட முனையில் உள்ளே இழுக்கப்படுவது காற்றுக்குப் பதிலாக இந்த அடைப்பு நீராவியே. சுமை கூடிய பின், உயர் அழுத்த முனையில் கசியும் நீராவியே மறுமுனைக்குப் போதுமானதாகிவிடுகிறது. வெளியிலிருந்து தனியே கொடுக்க வேண்டியதில்லை. வெளி விளிம்பில் எஞ்சும் நீராவியும் காற்றும் உறிஞ்சப்பட்டுச் சிறிய தனி ஒடுக்கி ஒன்றுக்குச் செல்கின்றன. அவ்வாறு உறிஞ்சாவிட்டால் நீராவி தாங்கிகளின் பக்கம் பரவி, மசகு எண்ணெயில் நீர் கலந்துவிடும். எண்ணெயில் நீர் காணப்படின், முனை அடைப்பையும் சோதிப்பது வழக்கம்.

பெரிய அனல்மின் அலகுகளில் இதற்கும் மேலாக ஓர் அடைப்பு உண்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளைப் போன்றவற்றில் மின்னாக்கி ஐதரசன் வளியால் குளிர்விக்கப்படுகிறது. தண்டின் வழியே அவ்வளி வெளியேறாமல், அதைவிடக் கூடுதல் அழுத்தமுள்ள எண்ணெய்ப் படலம் தடுக்கிறது.

தொடக்கமும் நிறுத்தமும்

இடைவெளி மிகக் குறுகும் நேரம், பெரும்பாலும் முழுச்சுமையில் ஓடும் நேரம் அன்று. தடித்த சுழலகம் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்கிறது. உறை அதனினும் மெல்லியதாயின் விரைவில் குளிர்ந்து சுருங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென நின்று, ஓரிரு மணி நேரத்தில் மீண்டும் தொடங்கப்பட்டால், சுருங்கிய உறைக்குள் இன்னும் விரிந்த நிலையிலுள்ள சுழலகம் முழுவேகத்தில் சுழல நேரிடும். வடிவமைப்பாளர் இந்நிலையையும் கருதியே இடைவெளியை வைக்க வேண்டியுள்ளது. ஆகவே அடிக்கடி நின்று தொடங்கும் நிலையம், ஒரே சீராக ஓடும் நிலையத்தைவிடப் பெரிய இடைவெளியுடன் வாழ வேண்டியதாகிறது. எரிவாயு வரத்தும் மின்கட்டமைப்பின் தேவையும் இவ்வாறு கசிவின் அளவையும் மறைமுகமாகத் தீர்மானிக்கின்றன.

நின்ற பிறகும் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட முடியாது. உள்ளே சூடான வளி மேலெழுவதால் மேற்பகுதி கூடுதல் சூட்டுடனும் கீழ்ப்பகுதி குறைந்த சூட்டுடனும் இருக்கும். அசையாமல் நிற்கும் தண்டு அதனால் வில்போல் வளையும். உறையும் நடுவில் மேல்நோக்கி மேடிடும். இதைத் தவிர்க்க, சுழலி நின்றவுடன் பாரிங் கியர் எனப்படும் மெதுசுழற்றி இணைக்கப்பட்டு, தண்டு போதிய அளவு குளிரும் வரை பல மணி நேரம் மெல்லச் சுழற்றப்படுகிறது. மின்தடையால் மெதுசுழற்றி இயங்காமற்போவதைச் சுழலிப் பொறியாளர்கள் பெரிதும் அஞ்சுவர்.

உரசல்

அடைப்பின் பல் தண்டை ஓரிடத்தில் உரசினால் அவ்விடம் மட்டும் சூடேறுகிறது. சூடான பக்கம் நீள்வதால் தண்டு அப்பக்கமாக வளைகிறது. வளைந்ததால் உரசல் மிகுகிறது. உரசல் மிகுவதால் வெப்பம் மிகுகிறது. குறிப்பிட்ட வேகங்களில் இவ்வாறு அதிர்வு தானாகவே வளர்வதை நியூகிர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1920களில் விளக்கினார். முதல் இயல்பதிர்வு வேகத்துக்குக் கீழே ஓடும்போது இது மிகவும் ஆபத்தானது. ஆதலால் தொடக்கத்தின்போது அதிர்வு ஏறினால் வேகத்தை மேலும் ஏற்றிக் கடந்துவிட முயல்வது தவறான வழியாகும். இயந்திரத்தை நிறுத்தி, மெதுவாகச் சுழற்றித் தண்டை நேராக்கிய பின்னரே மீண்டும் தொடங்குவர்.

உரசல் நேர்ந்தாலும் கேடு குறைவாக இருக்கும்படி அடைப்புகள் அமைக்கப்படுகின்றன. மெல்லிய உலோகத் தகட்டாலான தேனடை வடிவ வளையங்களில் இதழ் நுனியின் பல் உரசினால், தேனடையே வெட்டுப்படும். பல்லுக்குச் சேதம் குறைவு. தேயக்கூடிய பூச்சுகளும் இவ்வாறே பயன்படுகின்றன. நுண்ணிய கம்பிகளை அடர்த்தியாக அடுக்கிய தூரிகை அடைப்பு 1980களில் வானூர்தி இயந்திரங்களில் புழக்கத்துக்கு வந்து, பின்னர் நிலத்திலுள்ள சுழலிகளுக்கும் பரவியது. தண்டு நகர்ந்தால் கம்பிகள் வளைந்து கொடுத்து மீண்டும் பழைய நிலைக்கு வருவது அதன் சிறப்பு. எனினும் கம்பிகள் தேய்ந்த பின் அது சாதாரண இடைவெளியாகவே ஆகிவிடும்.

கடற்கரையின் உப்புக் காற்று

இராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் குறுகி, வடக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் அண்மையில் அமைகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் கடலைக் கடந்தே வருவதால், ஆண்டின் எப்பருவத்திலும் காற்றில் உப்பு இருக்கக்கூடும். எரிவாயுச் சுழலி பெருமளவு காற்றை உள்ளிழுப்பது. வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் சிறிதளவு உப்பும் காலப்போக்கில் திரள்கிறது.

உப்பு முதலில் அமுக்கியின் இதழ்களில் படிந்து அவற்றின் வழவழப்பைக் கெடுக்கிறது. நீரால் கழுவினால் இப்படிவு பெரும்பாலும் நீங்கும். இடைவெளி கூடியதால் வந்த இழப்பு கழுவினாலும் நீங்காது. மின்திறன் குறைந்துள்ள இயந்திரத்தில் காரணம் அழுக்கா தேய்மானமா என்பதை அறிய, கழுவுமுன்னும் கழுவிய பின்னும் திறனை ஒப்பிடுவது நல்ல சோதனையாகும். சூடான பகுதியை அடையும் சோடியம், எரிபொருளிலோ காற்றிலோ உள்ள கந்தகத்துடன் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகிறது. இது ஏறத்தாழ 650 முதல் 950 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலைகளில் உலோகத்தின் காப்புப் படலத்தை அரிக்கவல்லது. இதழ் நுனியும் தேனடைத் தகடும் மெல்லியவை என்பதால் அரிப்பு அங்கே விரைவில் தெரியும்; இடைவெளியும் அதற்கேற்பப் பெருகும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

இடைவெளியை ஒரே அளவில் வைத்துவிடாமல், ஓட்டத்தின்போதே மாற்றும் முறைகளும் உள்ளன. பயணிகள் வானூர்திகளின் இயந்திரங்களில், உயரத்தில் சீராகப் பறக்கும்போது உறையின் வெளிப்புறத்தில் குளிர்ந்த காற்று வீசப்படுகிறது. உறை சுருங்கி இதழ்களை நெருங்குகிறது. உயர் அழுத்தச் சுழலியில் கால் மில்லிமீட்டர் இடைவெளி குறைந்தால் எரிபொருள் நுகர்வு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும் என நாசா ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

மின் நிலையச் சுழலிகள் சிலவற்றில் வேறு உத்தி கையாளப்படுகிறது. உறையின் உட்புறம் கூம்பு வடிவில் இருப்பதால், சுழலகத்தை நீளவாக்கில் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே ஆரவாக்கு இடைவெளி குறைந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தால் இவ்வாறு நகர்த்தும்போது சுழலிப் பக்கம் இடைவெளி குறைந்து, அமுக்கிப் பக்கம் சற்றுக் கூடும். சுழலிப் பக்கத்தின் ஆதாயம் பெரிது என்பதால் மொத்தத்தில் பயன் உண்டு. நீராவிச் சுழலிகளில், தொடக்கத்தின்போது வில்சுருள்களால் விலகி நின்று, சுமை ஏறிய பின் நீராவி அழுத்தத்தாலேயே தண்டை நெருங்கும் அடைப்பு வளையங்களும் உள்ளன.

பராமரிப்பின்போது மேலுறை தூக்கப்பட்டு, இடைவெளிகள் பீலர் கேஜ் எனப்படும் மென்தகடுகளால் சுற்றிலும் பல இடங்களில் அளக்கப்படுகின்றன. கைக்கு எட்டாத கீழ்ப்பகுதியில் ஈயக் கம்பியை வைத்து அழுத்தி அதன் தடிப்பை அளப்பதும் உண்டு. சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்திருப்பின், சுழலகம் உறையின் நடுவில் இல்லை என்பது பொருள்.

கடுங்குளிரில் இடைவெளி

வெப்பத்தில் மட்டுமன்றிக் கடுங்குளிரிலும் இதே சிக்கல் தலைகீழாக எழுகிறது. இதற்கான இந்திய எடுத்துக்காட்டும் தென் தமிழகத்துடன் தொடர்புடையது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் (இசுரோ) உந்துவிசை வளாகத்தில், கடுங்குளிர் ஏவூர்தி இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. இவ்வியந்திரங்களில் −253 பாகை செல்சியசில் உள்ள நீர்ம ஐதரசனைச் சுழலியால் இயங்கும் எக்கிகள் செலுத்துகின்றன.

2010 ஏப்ரல் 15 அன்று ஜிசாட்-4 செயற்கைக்கோளுடன் ஏவப்பட்ட ஜிஎஸ்எல்வி-டி3 ஏவூர்தியில், இந்தியாவில் உருவாக்கப்பட்ட கடுங்குளிர் நிலை முதன்முறையாகப் பறந்தது. எரிபொருளின் அழுத்தத்தை முதலில் உயர்த்தும் துணைச் சுழலி எக்கி இயல்பாகவே தொடங்கி நிமிடத்துக்கு 34,800 சுற்றுகளை எட்டியது. பின்னர் அதன் வேகம் குறைந்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நின்றுபோனது. ஐதரசன் வராததால் முதன்மை இயந்திரத்தின் உந்துவிசை வளரவில்லை, செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. ஆய்வுக்குழு ஏற்கத்தக்க இரு காரணங்களை முன்வைத்தது. ஓர் அடைப்பு இருக்கும் இடத்தில் சுழலகம் பற்றிக்கொண்டு இறுகியிருக்கலாம். அல்லது மிகை அழுத்தத்தாலும் வெப்பத் தகைவாலும் சுழலியின் உறை பிளந்திருக்கலாம்.

அறை வெப்பநிலையிலிருந்து நீர்ம ஐதரசனின் வெப்பநிலைக்குக் குளிரும்போது, துருவேறா எஃகு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கும் அலுமினியம் ஆயிரத்தில் நான்கு பங்கும் சுருங்குகின்றன. 100 மில்லிமீட்டர் விட்டத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். சிறிய அதிவேக எக்கி ஒன்றில் அடைப்பின் இடைவெளி முழுவதையும் விழுங்கிவிட இது போதும். மேலும், அதே எக்கியின் ஒரு முனையில் சூடான வளி சுழலியை இயக்க, மறுமுனையில் கடுங்குளிர் நீர்மம் பாய்கிறது.

இதன்பின் தாங்கிகளும் உறையும் கடுங்குளிரில் விரிந்து சுருங்குவதைக் கணக்கில் கொண்டு அத்துணை எக்கியின் வடிவமைப்பு மாற்றப்பட்டு, தரைச் சோதனைகள் நடத்தப்பட்டன. 2014 சனவரி 5 அன்று ஏவப்பட்ட ஜிஎஸ்எல்வி-டி5, ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அதில் இந்தியக் கடுங்குளிர் நிலை வெற்றிகரமாக இயங்கியது.